ட்ரெய்லரின் மூக்குப் பாரம்

எங்கள் வீட்டு வாசலில் நான்கு மாதம் ஒரு ட்ரெய்லர் சும்மா நின்றது. சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் போட்டு மூடி, பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன்மேல் மோர் மிளகாய் காயப்போட்டார்கள். அடியில் ஒரு பூனை குட்டி போட்டது. திருநகரில் யாராவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "ஓடாத ட்ரெய்லர் ஒண்ணு நிக்கும் பாருங்க, அந்த வீடு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டா, பிளாஸ்டிக் நாற்காலி, கிரைண்டர், நீராவியில் சோறு வேகவைக்கும் பாய்லர் என்று விசேஷ வீட்டுக்குத் தேவையான எல்லாம் உண்டு. இவற்றை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஏற்றி இறக்குவதை விட, சமையல்கட்டையே சக்கரத்தில் வைத்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடலாம் என்று அவருக்கு ஒரு கனவு. அதற்காகக் கூரை வைத்த இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றைச் செய்யச் சொன்னார். அதை இழுக்கப் பழைய டீசல் பிக்கப் ஒன்றையும் வாங்கினார். அடுப்பு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, கரண்டி மாட்டும் கம்பி எங்கே என்று காகிதம் காகிதமாக வரைந்து வைத்திருந்தார்.

முதல் நாளே எல்லாம் முடிந்தது. ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி எங்கள் காம்பவுண்டுக்குள் விடப்போனவர், கார் ஓட்டுகிற பழக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினார். ட்ரெய்லர் மாட்டிய வண்டியில் அது நேர்மாறு. ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலதுபக்கம் போகும். அது போய் எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரில் முட்டியது. சுவர் மூன்று முழத்துக்குச் சரிந்து விழுந்தது. தெருவே வந்து நின்று பார்த்தது. எதிர்வீட்டு அக்கா சுவரைத் திரும்பக் கட்டியதும் மூலையில் ஒரு கருங்கல்லை நட்டுவைத்தார். அந்தக் கல் எங்களுக்காகத்தான் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு என் கணவர் அந்த ட்ரெய்லரைத் தொடவே இல்லை. வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்தால் மட்டும் அவர் தமிழுக்கு மாறிவிடுவார். அன்று ராத்திரி சாப்பிடும்போது தமிழில் சொன்னார். "வித்துத் தலைமுழுகிருவோம். யாராச்சும் கேட்டா குடுத்துருவோம்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ட்ரெய்லர் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதைத் தாண்டி வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐம்பது வயது மனிதர், ஊருக்கெல்லாம் பந்தி போட உதவுகிறவர், தன் வாசலில் தானே திருடனைப்போல நுழைவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

எனக்கு லைசென்ஸ் உண்டு. கடைக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு பிக்கப்பை மதுரை முழுக்க ஓட்டியிருக்கிறேன். எனவே கைபேசியில் நாலைந்து வீடியோ பார்த்தேன். பிறகு ஒருநாள் விடிந்ததும் தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெரு இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் முன்னால் போவதில் சிக்கல் இல்லை. ஊரைத் தாண்டி, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு பொட்டல் இருந்தது. அங்கே கடை நாற்காலிகளை இரண்டு வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே பின்னால் வந்து பழகினேன். அவருக்கு இது தெரியும். பார்க்க மட்டும் வரமாட்டார். "எங்க போய் முட்டுறியோ முட்டு" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வார்.

இரண்டு மாதத்தில் பதினொரு நாற்காலிகளை உடைத்தேன். அதற்குள் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். கையை ஸ்டியரிங்கின் மேலே வைக்காமல் அடிப்பக்கம் வைத்தால் குழப்பமே இல்லை. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். துளித் துளியாக நகர்த்த வேண்டும். கோணிக்கொண்டால் அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. கூச்சப்படாமல் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வர வேண்டும். டீசல் வண்டியை உறுமவிட்டு விரட்டினால் டீசல்தான் குடிக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே அதற்கு இழுக்கிற தெம்பு உண்டு. பதமாக விட்டால் முனகாமல் இழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல், முன்கூட்டியே கியரைக் குறைத்து எஞ்சினையே பிடித்துவைக்கச் சொல்ல வேண்டும்.

கிளம்பும் முன் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றுவேன். முதல் சுற்றில் கொக்கி, அதன் அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி. இரண்டாவதில் டயர், காற்று, சக்கர நட்டு. மூன்றாவதில் பின்விளக்கு, இண்டிகேட்டர், சாமானை இறுக்கிய பெல்ட். இதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, எந்தக் கோயிலில் இப்படிச் சுற்றச் சொன்னார்கள் என்று ஒருநாள் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் ட்ரெய்லரை விலைக்குக் கேட்டார். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் காதுகுத்து. சமையல் சாமான்கள் எங்கள் கடையிலிருந்துதான் போக வேண்டும். நான் என் கணவரிடம் போய் நின்றேன்.

"இந்த ஒரு வேலைக்கு ட்ரெய்லர்ல நான் கொண்டுபோய்ட்டுக் கொண்டுவாரேன். எங்கயாவது ஒரு கீறல் விழுந்தாலும் திங்கட்கிழமை வித்துருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒண்ணும் விழலைன்னா அது நம்ம வீட்டுலதான் நிக்கும்."

அவர் "நான் வரமாட்டேன்" என்றார். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்றியவர் எங்கள் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கும் ஒரு உசிலம்பட்டிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் கணவரை அண்ணே என்பார், என்னை மதினி என்பார். அவர்கள் வீட்டில் முன்பு மாட்டு வண்டி இருந்தது. வைக்கோலும் கரும்பும் ஏற்றி வளர்ந்தவர். பாரம் அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று எல்லோருமே சொல்வோம். அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கி, இடுக்கில் கரண்டிக் கட்டைச் சொருகி, ஒரு சத்தம் வராமல் அடுக்குவார். அன்றும் அப்படித்தான் அடுக்கினார். கொக்கி மாட்டும் நேரத்தில் ட்ரெய்லரின் மூக்கை, கொக்கியில் மாட்டும் அதன் முன்முனையை, ஒரே கையால் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீகளா மதினி, எம்புட்டு லேசா இருக்கு. வண்டிக்குப் பாரமே தெரியாது."

நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். மூன்று சுற்றுச் சுற்றினேன். சங்கிலியைப் பார்த்தேன், டயரைத் தட்டினேன், விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒற்றைக் கை என்ன சொல்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. பார்க்க வேண்டியதைக் கண்ணுக்கு நேரே காட்டியும் பார்க்காமல் விட்டவள் நான்தான்.

என் கணவர் மாடியில் நின்றிருந்தார். கை காட்டவில்லை.

தேனி ரோட்டில் செக்கானூரணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஐம்பதுக்கு மேல் போகவில்லை. இரண்டு பக்கமும் மழைக்குக் காத்திருக்கிற செம்மண் காடு. பக்கத்து சீட்டில் உசிலம்பட்டிக்காரர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் ராஜா மாதிரி தலையாட்டிக்கொண்டு வந்தார். செக்கானூரணியைத் தாண்டி ஒரு பாலத்தின் இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடித்தது. கியரைக் குறைப்பதற்குள் ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. அந்தக் காற்று பட்டதும் ட்ரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறுபக்கம். கண்ணாடியில் பார்த்தால் நாய் வாலை ஆட்டுவதுபோல ட்ரெய்லர் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது.

அவர் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, "பிரேக்க போடுங்க மதினி, பிரேக்க போடுங்க" என்றார்.

பிரேக்கை மிதித்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பின்னாலிருந்து ஒரு டன் பாரம் எங்களைத் தள்ளி மடக்கிப் போட்டிருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பச் சொல்லிக் கை கெஞ்சியது. திருப்பவில்லை. பயத்தில் என் வாயில் வீட்டு மொழியில் வசவு வந்தது. மூச்சு விடாமல் திட்டினேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. பாலம் முடிந்து ஒரு டீக்கடை முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"என்னமோ மந்திரம் சொன்னீகளே மதினி, அதான் நின்னுருச்சு" என்றார் அவர்.

இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கனமான சாமான் எதுவோ அதெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. பாய்லர் கடைசியில், கிரைண்டர் இரண்டும் அதன் பக்கத்தில். முன்பக்கம் வெறும் தட்டுகளும் விரிப்புகளும்.

"ஏன் தம்பி இப்படி ஏத்துனீங்க?"

என் குரலைக் கேட்டு அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "பின்ன எப்படி ஏத்துறது மதினி? பாரம் முன்னால இருந்தா நுகத்தடி அமுக்கும். மாட்டுக்குக் கழுத்து புண்ணாப் போகும். கழுத்துல பாரம் ஏறாம ஏத்துறதுதான ஏத்து. எங்கய்யா காலத்துலருந்து அப்படித்தான் ஏத்துறோம்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த மனிதர் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. எங்கள் பிக்கப்பின் கழுத்து நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, பாசத்தோடு ஏற்றியிருக்கிறார். வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"மாட்டுக்கு அதான் சரி தம்பி. இதுக்குக் கழுத்துல பாரம் இருந்தாத்தான் பின்னால வாரது அடங்கி வரும். பத்துல ஒரு பங்கு பாரமாவது மூக்குல உக்காரணும். இல்லைன்னா துள்ளும். இப்பப் பாத்தீங்கள்ல."

"பிக்கப்பு பின்னால அமுங்குமே மதினி."

"அமுங்கட்டும். அதுக்குத்தான் அடியில அம்புட்டு ஸ்பிரிங் பட்டை வச்சிருக்காங்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் கேட்காமலே எழுந்து வந்தார்கள். பாய்லரை உருட்டிச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தோம். கிரைண்டர்களை அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துப் பெல்ட் போட்டு இறுக்கினோம். தட்டுகள் பின்னால் போயின. கொக்கியைக் கழற்றிவிட்டு, "இப்பத் தூக்குங்க" என்றேன். ஒரு கையால் முயன்றார். அசையவில்லை. இரண்டு கையும் போட்டுத் தம் கட்டித் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இதுதான் சரி. இனிமே ஒரு கையில தூக்க முடிஞ்சா ஏத்துனது தப்புன்னு வச்சுக்கங்க."

மறுபடி கிளம்பினோம். வேண்டுமென்றே யாரையும் முந்தவில்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொரு பஸ் வந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் உறுமிக்கொண்டு கடந்து போனது. ட்ரெய்லர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"அசையல மதினி" என்றார். கொஞ்சம் கழித்து, "கழுத்துல பாரம் இருக்கு, அசையல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது. பாட வராது என்பதால் ஹாரனை அடித்தேன்.

கிராமத்தில் ட்ரெய்லரை நிறுத்த வேண்டிய இடம் கோயில் மைதானத்தின் பின்மூலை. ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் பந்தல்கால். நடுவே ட்ரெய்லர் அகலத்துக்கு மேல் இரண்டு முழம் இருந்தால் அதிகம். பின்னால் வந்துதான் நுழைய முடியும். பெண் ஒருத்தி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், பந்தல் போட்டவர்கள், கிடா கட்ட வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று "லெப்ட்ல ஒடி", "ரைட்ல ஒடி", "வரலாம் வரலாம்" என்று ஆரம்பித்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் ஜன்னலருகே வந்தார்.

"எறங்குங்கம்மா. நம்ம மாப்ள டிராக்டர் ஓட்டுறவரு. அவரு விட்டுருவாரு."

நான் பதில் சொல்லும் முன்பே எங்கள் ஆள் குறுக்கே வந்து நின்றார். "வேணாம்ணே. மதினியே விடுவாக. எல்லாரும் செத்த நேரம் பேசாம இருந்தாப் போதும்."

காலையில் என்னோடு சண்டைக்கு நின்ற மனிதர்.

இறங்கி அந்த இடத்தை நடந்து பார்த்தேன். மண் இறுக்கமாக இருக்கிறதா என்று மிதித்துப் பார்த்தேன். பிறகு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து, ஒன்றை வேப்பமரத்தின் வேரருகிலும் ஒன்றைப் பந்தல்கால் அருகிலும் வைத்தேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்துக்கொண்டு, துளித் துளியாகப் பின்னால் வந்தேன். பாதியில் ட்ரெய்லர் கோணியது. நிறுத்தி, முன்னால் போய், நேராக்கினேன். "அம்புட்டுத்தான்" என்று யாரோ சொன்னது கேட்டது. இரண்டாம் முறை வந்தபோது இரண்டு கண்ணாடியிலும் இரண்டு நாற்காலி தெரிந்தது. இரண்டும் அப்படியே நின்றன. நடுவே ட்ரெய்லர் போய் உட்கார்ந்தது.

அந்த டிராக்டர் மாப்பிள்ளைதான் முதலில் வந்தார். "எக்கா, கைய அடியில வச்சு ஓட்டுனீகளே, அது எப்படின்னு காட்டுங்க" என்றார். நான் அன்று மதியம் வரைக்கும் அவருக்கும் இன்னும் நாலு பேருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையை ஏன் மறைக்க வேண்டும், வாழ்க்கையில் அப்படி ஒரு மதியம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்து பாத்திரம் கழுவி ஏற்றும்போது பாய்லரை எங்கே வைப்பது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆளே முன்னால் வைத்தார். மூக்கைத் தூக்கிப் பார்த்து முனகிவிட்டு, "சரியா இருக்கு" என்றார். பிறகு என்னைக் கேட்காமலே மூன்று சுற்றுச் சுற்றினார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் திருநகர் வந்து சேர்ந்தோம். வழக்கம்போலத் தெருவில் ஓரமாக நிறுத்தியிருக்கலாம். பேசிய பேச்சுக்கு அதுவே போதும், வண்டியில் ஒரு கீறல் இல்லை. ஆனால் எனக்குப் போதவில்லை. என் கணவர் முட்டிய அதே இடத்தில், அவர் விடப்போன அதே காம்பவுண்டுக்குள், பின்னால் தள்ளிக்கொண்டு போய் விட வேண்டும் என்று உசிலம்பட்டியிலிருந்தே மனதில் இருந்தது.

கேட்டைத் திறக்கச் சொன்னேன். என் கணவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார், முகம் வெளுத்துப்போயிருந்தது. எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து தன் சுவரின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் கையை அடியில் வைத்தேன். பிக்கப்பின் முன்பக்கம் எதிர்வீட்டுப் பக்கமாக வளைந்து போனது. அந்தக் கருங்கல் என் ஜன்னலுக்குக் கீழே மெல்ல நகர்ந்தது. முழங்கையை வெளியே நீட்டியிருந்தால் சுவரில் பட்டிருக்கும். பின்னால் ட்ரெய்லர் கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவே நுழைந்து, இழுத்துக் கட்டிய மாதிரி நேராக உள்ளே போய் நின்றது. எஞ்சினை அணைத்தேன்.

எதிர்வீட்டு அக்கா கருங்கல்லுக்கும் பிக்கப்புக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். "நாலு விரல்" என்றார், என்னைப் பார்த்தல்ல, என் கணவரைப் பார்த்து.

அவர் ட்ரெய்லரைச் சுற்றி வந்தார். கீறல் தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை. தான் வரைந்து செய்யவைத்த கரண்டிக் கம்பியை, குழாயை, அடுப்பை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுப்பில் முதல் முறையாகக் கரி படிந்திருந்தது. அதை விரலால் தடவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. திண்டுக்கல்காரர். நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"வர வேணாம்ணே" என்றார் என் கணவர். "ட்ரெய்லரு வேலைக்குப் போயிருச்சு." அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார்.

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். எங்கள் வீட்டு மொழியில், யாருக்கும் கேட்காமல், மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்குக் காலையில அந்தப் பொட்டலுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

அவர் தலை நிமிர்ந்திருந்தது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டேன்.

"கூட்டிட்டுப் போறேன். கடையில பழைய நாற்காலியாப் பாத்து ஒரு பதினொண்ணு எடுத்து வைங்க."